பிள்ளை கையில் செல்போன்: இரண்டு நிமிடக் குறும்படம் எடுக்கச் சொல்வோமா?



கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்க நம் அறக்கட்டளைக்கு வரும் தாய்மார்கள் பலரும் கடைசியில் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "எந்நேரமும் போனும் கையுமா இருக்கான் பாய். ரீல்ஸ் பாத்துக்கிட்டே சாப்பிடுறான், பாத்துக்கிட்டே தூங்குறான். நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க." எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம், "இது ஏன் இப்படி நடக்கிறது? உன் சொந்த வார்த்தையில் சொல்லும்மா" என்று கேட்டால் பேச்சு வருவதில்லை. புத்தகத்தின் வரி அப்படியே வருகிறது. அந்த வரி மறந்துவிட்டால் ஒன்றும் வருவதில்லை.

இந்த இரண்டு குறைகளுக்கும் ஓரளவு பயன்படும் ஒரு வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிள்ளைகள் தாங்களே குறும்படம் தயாரித்துப் போட்டிகளில் கலந்துகொள்வதே அந்த வழி.

எங்கே இருக்கின்றன இந்தப் போட்டிகள்?

உலக அளவில் பேர் பெற்றது 'பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச்'. 2015-ல் தொடங்கிய இந்தப் போட்டி 13 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்களுக்கானது. இயற்பியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் கடினமான ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் புரியும்படி சில நிமிடங்களுக்குள் விளக்கும் வீடியோவை அனுப்ப வேண்டும். வெற்றி பெறும் மாணவருக்கு மேற்படிப்புக்காக 2,50,000 டாலர் உதவித்தொகை. சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு 50,000 டாலர். படிக்கும் பள்ளிக்கு 1,00,000 டாலர் மதிப்பில் ஓர் அறிவியல் ஆய்வகம். கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் மற்ற மாணவர்களின் வீடியோக்கள் சிலவற்றைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்பதும் விதி. பிறர் வேலையை நியாயமாக எடைபோடும் பழக்கம் அதில் வருகிறது.

2018-ல் இதை வென்றவர் பெங்களூரு மாணவர் சமய் கோடிகா. அப்போது அவருக்கு வயது 16. நம் உடலுக்குள் இரவு பகலைக் கணக்கிடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, 2017-ல், வென்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்ட்டே தீவைச் சேர்ந்த ஹிலரி டயான் அண்டாலெஸ். 2013-ல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்ட ஹையான் புயலில் உயிர் தப்பியவர். 2016-ல் இறுதிப் போட்டியாளர்களில் ஒருவராக வந்தும் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஐன்ஸ்டீனின் சார்பியல் பற்றி வேறொரு வீடியோ செய்து அனுப்பினார், வென்றார், பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்தார். பரிசுத் தொகையைவிட அந்த இரண்டாவது முயற்சியைத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில், என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்கும் மத்திய கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், குழந்தைகளுக்கான கல்வி ஒலி-ஒளிப் படைப்புகளுக்கு அகில இந்திய அளவில் போட்டி நடத்தி வந்திருக்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022-ல் அரசுப் பள்ளிகளில் 'சிறார் திரைப்பட விழா' என்ற பெயரில் மாதம் ஒரு படம் திரையிடத் தொடங்கியது. படத்தைப் பார்த்தபின் மாணவர்கள் அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். இவை தவிர பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுதோறும் நடத்தும் சிறு போட்டிகள் பல. கால அளவு, மொழி, வயது, கடைசித் தேதி ஆகியவை ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். ஆகவே அந்த ஆண்டின் விதிகளை ஆசிரியரிடம் கேட்டோ, நடத்துபவர்களின் சொந்த அறிவிப்பைப் பார்த்தோ உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பெரிய போட்டிகளில் பல நாட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள், பரிசு ஒரு சிலருக்குத்தான். பரிசை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு நிமிடத்தில் விளக்க வேண்டுமானால் அதை முழுதாகப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். அந்தப் புரிதல் பரிசு கிடைக்காத பிள்ளையிடமும் தங்கிவிடும்.

கேமராவுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு

இன்று கையில் இருக்கும் கேமராவின் கதையில், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமுக்கு முக்கியமான இடம் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இருட்டறையில் சிறு துளை வழியே வரும் ஒளியைச் சோதித்துப் பார்த்தவர் அவர். ஒளி பொருள்களிலிருந்து நம் கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவினார். 2015-ஐ ஐ.நா. சபை பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது, அவருடைய அந்தப் பணியின் ஆயிரம் ஆண்டையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். ஒரு செருப்பு அட்டைப்பெட்டி, ஊசித் துளை, எண்ணெய் தடவிய வெள்ளைத்தாள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். சன்னலுக்கு வெளியே உள்ள காட்சி தாளில் தலைகீழாகத் தெரியும். ஏன் தலைகீழாக? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதுவே நல்ல முதல் குறும்படம்.

எதைப் பற்றி எடுப்பது?

தலைப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாம் வசிக்கும் பகுதியிலேயே நிறைய இருக்கிறது.

- பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்து தொடங்கியது. சாதாரணக் கல்லையும் மனிதன் செதுக்கிய கல்லையும் எப்படிப் பிரித்தறிவது?
- குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது. தோல் அழுகாமல் இருக்கக் குரோமிய உப்பு என்ன செய்கிறது? அந்தக் கழிவுநீர் நிலத்தடி நீரில் கலந்தால் என்ன ஆகும்? நம் உறவினர்கள் பலர் இந்தத் தொழிலில் இருந்தவர்கள். அவர்களிடமே கேட்கலாம்.
- கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. மேலே உள்ள ஒற்றைக் கம்பியிலிருந்து ரயிலுக்கு மின்சாரம் எப்படி வருகிறது?
- பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சதுப்பு நிலம் மழைநீரை எப்படிப் பிடித்து வைக்கிறது?
- ரமளான் ஆண்டுதோறும் ஏன் முன்கூட்டியே வருகிறது? சந்திர ஆண்டுக்குச் சுமார் 354 நாள், சூரிய ஆண்டுக்கு 365. இடைவெளி சுமார் 11 நாள். ஆகவே 33 ஆண்டுகளில் ரமளான் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. ஒரு டார்ச் லைட்டும் ஒரு பந்தும் இருந்தால் பிறையையும் காட்டிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

2015 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் பலர் மொட்டைமாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. இந்த எண்ணைச் செய்தியில் கேட்டோம். எவ்வளவு தண்ணீர் என்று நமக்குப் புரிந்ததா?

ஒரு பிள்ளை அதைக் கணக்குப் போட்டுக் காட்டட்டும். 600 சதுர அடி மாடி என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 55.7 சதுர மீட்டர். அதன்மேல் 0.49 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 27.3 கன மீட்டர், அதாவது சுமார் 27,300 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கும் மேல்! ஒரே நாளில், ஒரே வீட்டு மாடியில். அப்படியானால் தெரு முழுவதற்கும்? ஏரியும் கால்வாயும் தூர்ந்து போயிருந்தால் இவ்வளவு நீரும் எங்கே போகும்?

இதை எடுக்கத் தேவையானவை ஓர் அளவு நாடா, ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு குவளை தண்ணீர், ஒரு சாக்பீஸ். பள்ளிக் கணக்கும் ஊர்க் கதையும் இதில் சேர்ந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு அந்த 49 செ.மீ. இனி மறக்காது.

எடுக்கும் முறை

1. ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும். "தண்ணீர்" என்பது தலைப்பாகாது. "எங்கள் மாடியில் அன்று விழுந்த தண்ணீர் எவ்வளவு?" என்பதே தலைப்பு.
2. முதலில் எழுத வேண்டும். நிதானமாகப் பேசினால் இரண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சொற்கள்தான் வரும். எழுதியதை வீட்டில் ராதிமாவிடமோ தம்பியிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத வரியை மாற்றுங்கள்.
3. காகிதத்தில் ஆறு அல்லது எட்டுக் கட்டம் போட்டு, எந்த வரிக்கு எந்தக் காட்சி என்று வரைந்துகொள்ளுங்கள்.
4. செல்போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து ஆடாமல் வையுங்கள். போட்டி வேறு விதமாகக் கேட்காவிட்டால் படுக்கைவாட்டில் எடுங்கள். சன்னல் வெளிச்சம் பொருளின்மேல் விழட்டும், கேமராவுக்கு எதிரே வேண்டாம்.
5. குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெத்தையும் துணியும் உள்ள அறையில், போனை வாய்க்கு அருகே வைத்துப் பேசினால் எதிரொலி இருக்காது. விமானமும் ரயிலும் போகும்வரை காத்திருங்கள்.
6. வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனில் உள்ள சாதாரணச் செயலியே போதும். வேண்டாததை வெட்டுங்கள், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

ஓர் ஆசிரியரோ அண்ணனோ வழிகாட்டலாம். ஆனால் எழுதுவதும் பேசுவதும் பிள்ளையாகவே இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதும், பெரியவர்கள் செய்து கொடுத்ததும் நடுவர்களுக்குத் தெரிந்துவிடும். அதைவிட, அது பொய் என்பதைப் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

பெற்றோரின் தயக்கங்கள்

எங்களிடம் டியூஷனுக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், பள்ளியில் நடந்த ஒரு வீடியோ போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பிறகு விலகிக்கொண்டார். "முகத்தைக் காட்டணும், அத்தா வேணாம்னுட்டாங்க" என்றார். அந்த அத்தாவின் கவலையில் தவறில்லை. ஆனால் முகம் தெரிந்தால்தான் வீடியோ என்று யாரும் அவருக்கு விளக்காமல் விட்டது எங்கள் குறை. பேப்பரில் வரையும் கை தெரிந்தால் போதும், பின்னணியில் குரல் போதும். களிமண் பொம்மையையோ அட்டைப் படத்தையோ சிறிது சிறிதாக நகர்த்தி, வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துச் சேர்த்தால் அசையும் படமே கிடைத்துவிடும். பேசுபவரின் முகத்தைக் கட்டாயமாகக் கேட்கும் போட்டியாக இருந்தால், வேறு போட்டி பார்ப்போம். பெண் பிள்ளை என்ற ஒரே காரணத்தால் அவளுடைய அறிவு வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை.

இசையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: விளக்கப் படத்துக்கு இசை தேவையே இல்லை. தெளிவான குரலும் மழைச் சத்தமும் போதும். சினிமாப் பாட்டை எடுத்துப் போடுவது பதிப்புரிமைச் சிக்கலும்கூட. மார்க்க ரீதியான ஐயங்களை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

படிப்பு கெடுமா? தேர்வு நெருங்கும் மாதங்களில் வேண்டாம். விடுமுறையில் இரண்டு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வரையறுத்துவிடுங்கள்.

பாதுகாப்பு

வீட்டு முகவரி, பள்ளிச் சீருடையின் சின்னம், போன் எண் ஆகியவை படத்தில் தெரியக் கூடாது. பதிவேற்றும் கணக்கு பெற்றோருடையதாக இருக்கட்டும். கருத்துப் பகுதியை மூடி வையுங்கள். அடுத்தவரைப் படம் பிடிக்கும் முன் அனுமதி கேட்பது ஒழுக்கம். விமானப்படை வளாகத்தின் அருகிலும் ரயில் நிலையத்திலும் அனுமதியில்லாமல் எடுக்கவே கூடாது. ஏரி, கால்வாய், தண்டவாளம் அருகே பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். "உங்கள் பிள்ளை ஜெயித்துவிட்டது, பணம் கட்டுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் யார் கேட்டாலும் அது மோசடி.

நாம் செய்ய வேண்டியது

இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு ரொம்ப நாளா புரியாம இருக்கிற விஷயம் எது?" பதில் வந்தால் தலைப்பு கிடைத்துவிட்டது. எழுதிய தாளோடு நம் அறக்கட்டளைக்கு வரட்டும். முகம் காட்டாமல் எடுக்கும் முறையை நாங்கள் காட்டித் தருகிறோம். போட்டிக்கு அனுப்பும் முன் உடன் உட்கார்ந்து பார்க்கிறோம். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் வரலாம்.

பெயர் கொடுத்துவிட்டு விலகிய அந்த மாணவியின் அத்தாவிடமும் பேசியிருக்கிறோம். இந்த முறை அவருடைய மகளின் கையும் குரலும் மட்டும் படத்தில் வரும், இன்ஷா அல்லாஹ். தலைப்பை அவளே சொல்லிவிட்டாள்: பிறை ஏன் தேய்ந்து வளர்கிறது?