டைமண்ட் ஒன்பதும் டால்ரிம்பிள் குடும்பமும்

சீட்டுக்கட்டில் இருக்கும் டைமண்ட் ஒன்பதுக்கு 'ஸ்காட்லாந்தின் சாபம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். அதிகம் அடிபடுவது டால்ரிம்பிள் குடும்பத்தின் கேடயச் சின்னத்தைப் பற்றிய கதை. தங்க நிறக் கேடயத்தில் நீலத்தில் ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் ஒன்பது சாய்சதுரங்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் எழுதிய சில கடிதங்களால் 1692இல் ஒரு பள்ளத்தாக்கே பிணக்காடானது. அதன் பிறகு ஒன்பது சாய்சதுரங்களை எங்கே பார்த்தாலும் மக்களுக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வந்தாராம்.

டால்ரிம்பிள் முதலில் ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், அயர்ஷயரில், டூன் ஆற்றங்கரையில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. வளைந்த நீரோட்டத்தை ஒட்டிய வயல்வெளி என்று கேலிக் மொழியில் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1772இல் அங்கிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் அவர் தம்பி கில்பர்ட்டும் வாரத்துக்கு ஒருவராக மாறி மாறிப் போனார்கள். வயல்வேலைக்கு ஆள் வேண்டியிருந்ததால் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக அனுப்ப அப்பாவுக்கு வசதிப்படவில்லை.

இடைக்கால ஸ்காட்லாந்தில் நிலம் வைத்திருந்தவர் அந்த நிலத்தின் பெயராலேயே அறியப்பட்டார். பத்திரங்களில் 'டி டால்ரிம்பிள்', அதாவது டால்ரிம்பிள்காரர், என்று எழுதினார்கள். தலைமுறைகள் போகப் போக 'டி' உதிர்ந்து, ஊர்ப்பெயரே குடும்பப்பெயராக நிலைத்தது. கோர்டன், டண்டாஸ், கார்னெகி என்று ஸ்காட்லாந்தின் பல பெரிய பெயர்கள் இப்படி மண்ணிலிருந்து வந்தவைதான். டால்ரிம்பிள்களின் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அந்த ஊர் கென்னடி குடும்பத்தாரிடம் போய்விட்டது. ஊர் கையைவிட்டுப் போன பிறகும் பெயரை அவர்கள் விடவில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஒரு கல்யாணத்தின் வழியே ஸ்டெயர் என்ற பக்கத்து நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களுடைய பிற்காலத்தின் முக்கியப் பட்டங்கள் அந்த ஸ்டெயரின் பெயரில்தான். 1677இல் காஸில் கென்னடி என்ற கோட்டையே கென்னடிகளிடமிருந்து இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கணக்கு நேராக ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின.

போர்க்களத்தைவிடக் காகிதத்தில்தான் இந்தக் குடும்பத்தின் கை ஓங்கியிருந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் 1619இல் பிறந்த ஜேம்ஸ் டால்ரிம்பிள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், பிறகு வக்கீல், 1671இல் ஸ்காட்லாந்தின் உச்ச உரிமையியல் நீதிமன்றத்துக்குத் தலைவர். 1681இல் அவர் வெளியிட்ட சட்டநூல்தான் சிதறிக்கிடந்த ஸ்காட்டிஷ் சட்டத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. அங்குள்ள நீதிமன்றங்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகின்றன. அரசியல் காற்று திரும்பியதும் 1682இல் ஹாலந்துக்கு ஓடி, 1688இல், பிறகு மன்னரான ஆரஞ்சு வில்லியமின் படையோடு நாடு திரும்பி, இழந்த பதவியை மறுபடியும் பிடித்தார். கெட்டிக்காரர்.

ஊர்வாய்க்கு அவர் கெட்டிக்காரத்தனம் உறுத்தியிருக்க வேண்டும். அவர் மனைவி மார்கரெட் சூனியக்காரி என்று பேசினார்கள். மகள் ஜேனட்டின் சாவு அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றியது. ஜேனட் மனம் கொடுத்தது ரதர்ஃபர்டு பிரபுவுக்கு. வீட்டார் பிடிவாதமாகக் கட்டிவைத்தது டேவிட் டன்பாருக்கு. 1669 ஆகஸ்டில் கல்யாணம், செப்டம்பரில் சாவு. முதலிரவில் மாப்பிள்ளை கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தார், பெண் புத்தி பேதலித்துக் கணப்படுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தாள் என்று கதை வளர்ந்தது. குத்துப்பட்டதாகச் சொல்லப்பட்ட மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டு, 1682இல் குதிரையிலிருந்து விழுந்துதான் இறந்தார். ஆனாலும் கதைக்கு ஆயுள் கெட்டி. வால்டர் ஸ்காட் அதை வைத்து 1819இல் நாவல் எழுதினார். 1835இல் நேப்பிள்ஸில் டோனிசெட்டியின் 'லூசியா டி லாமெர்மூர்' ஆப்பராவாக மேடையேறியது.

இனி அந்தக் கடிதங்கள். எழுதியவர் ஜேம்ஸின் மகன் ஜான் டால்ரிம்பிள், வில்லியம் மன்னருக்கு ஸ்காட்லாந்து விவகாரச் செயலர். பழைய மன்னர் ஜேம்ஸின் பக்கம் நின்ற மலைநாட்டுக் குலத்தலைவர்கள் 1692 ஜனவரி 1க்குள் புதிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கிளென்கோ பள்ளத்தாக்கின் மக்டொனால்டு தலைவர் மக்கெயின், கெடுவுக்கு முந்தைய நாள் வில்லியம் கோட்டைக்குப் போனார். பிரமாணம் வாங்க எனக்கு அதிகாரம் இல்லை, இன்வரேரிக்குப் போங்கள் என்று அங்கிருந்த தளபதி அனுப்பிவிட்டார். பனிக்காலம், மலைப்பாதை, கிழ உடம்பு. ஜனவரி 6ஆம் தேதிதான் பிரமாணம் நடந்தது.

லண்டனில் இருந்த ஜானுக்கு இந்தத் தாமதம் அல்வா சாப்பிட்டதுபோல. கிளென்கோக்காரர்கள் கெடுவைத் தவறவிட்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றே கடிதத்தில் எழுதினார். குளிர்காலம்தான் ஏற்ற காலம், பெண்டு பிள்ளைகளையும் மாடுகன்றையும் இழுத்துக்கொண்டு அவர்களால் மலைக்குத் தப்ப முடியாது என்று கெடுவுக்கு முன்பே ஒரு கடிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். ராபர்ட் கேம்ப்பெல்லின் தலைமையில் போன படைவீரர்கள் மக்டொனால்டு வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். பன்னிரண்டு நாள் அவர்கள் சோற்றைத் தின்றார்கள், சீட்டாடினார்கள். 70 வயதுக்கு உட்பட்ட எவரையும் விடாதே என்று உத்தரவு வந்தது. பிப்ரவரி 13 விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிவிட்டார்கள். 38 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்வது வழக்கம். எரியும் வீட்டிலிருந்து ஓடியவர்களில் பலர் பனியில் விறைத்துச் செத்தார்கள்.

கொலையைவிட, உப்பிட்ட வீட்டில் செய்த கொலை என்பதுதான் ஸ்காட்லாந்தைக் கொதிக்க வைத்தது. 1695இல் விசாரணை நடந்தது. மன்னர் சொன்னதையும் தாண்டி ஜானின் கடிதங்கள் போயிருக்கின்றன என்று பழி அவர்மேல் விழுந்தது. பதவி விலகினார், அவ்வளவுதான். 1703இல் ஸ்டெயர் கோமான் என்ற பட்டமும் வந்தது. இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்தை இணைக்கும் ஒப்பந்தத்துக்காக முன்னின்று வாதாடினார். அது நிறைவேறச் சில நாட்களே இருந்தபோது, 1707 ஜனவரியில் இறந்துபோனார். கிளென்கோவில் கை நனைத்த கேம்ப்பெல்களைத்தான் மக்கள் இன்றும் அதிகம் ஏசுகிறார்கள். பேனா பிடித்தவர் லேசாகத் தப்பித்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

அடுத்த தலைமுறையின் ஜான், எட்டு வயதில் துப்பாக்கி தவறி வெடித்து அண்ணனைக் கொன்றவர். பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆனார், பாரிஸில் தூதராகவும் இருந்தார். காஸில் கென்னடியின் மண்மேடுகளையும் தோட்டத்தையும் படைவீரர்களை வேலைவாங்கியே உருவாக்கினார்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான டால்ரிம்பிள் என்றால் அலெக்ஸாண்டர்தான். எடின்பரோவை ஒட்டிய நியூஹெய்ல்ஸ் மாளிகையில் 1737இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து 1753இல் சென்னைக் கோட்டைக்கு வந்தபோது மீசைகூட முளைக்காத வயது. எழுத்திலும் கணக்கிலும் தேறாததால் பண்டகசாலையில் போட்டார்கள். கவர்னர் பிகாட்டின் கண்ணில் பட்ட பிறகுதான் நல்ல காலம் பிறந்தது. பழைய ஆவணங்களைக் குடைந்து, கீழ்த்திசைக் கடல்வழிகளைப் பற்றிப் படித்துத் தள்ளினார். 1759இல் தொடங்கிய கிழக்குப் பயணத்தில் அவர் சென்ற பாய்மரக் கப்பலின் பெயர் 'கடலூர்'. நம் கடலூரேதான்.

மணிலாவை ஆங்கிலேயர் பிடித்த சமயத்தில் கிடைத்த ஸ்பானிய ஆவணங்களிலிருந்து ஒரு ரகசியம் அவருக்குப் பிடிபட்டது. 1606இலேயே டோரஸ் என்ற மாலுமி நியூகினியாவுக்குத் தெற்கே கப்பலோட்டிக் கடந்திருக்கிறார். அந்த நீரிணைக்கு டோரஸின் பெயர் நிலைத்ததற்கு அலெக்ஸாண்டர்தான் காரணம். தென்கடலில் பிரம்மாண்டமான ஒரு கண்டம் இருக்கிறது, அதில் ஐந்து கோடிப் பேருக்கு மேல் வாழக்கூடும் என்றும் அடித்துப் பேசினார். 1768இல் அதைத் தேடிப்போகும் பயணத்துக்குத் தலைமை தனக்கே என்று நம்பியிருந்தார். கடற்படை அதிகாரியல்லாதவரிடம் கப்பலை ஒப்படைக்க முடியாது என்று கடற்படை கைவிரித்துவிட்டது. வாய்ப்பு ஜேம்ஸ் குக்குக்குப் போனது. அலெக்ஸாண்டரின் டோரஸ் குறிப்பு அதே கப்பலில் தாவரவியலாளர் பேங்க்ஸின் கையில் இருந்தது. குக் 1770இல் அந்த நீரிணையைக் கடந்தார். அடுத்த பயணத்தில், ஐந்து கோடிப் பேருக்கான கண்டம் அங்கே கிடையாது என்றும் காட்டிவிட்டார். அலெக்ஸாண்டருக்கு அந்த வருத்தம் கடைசிவரை ஆறவில்லை.

1775இல் பிகாட்டோடு மறுபடியும் சென்னை வந்தவர், தஞ்சாவூர் தகராறில் மாட்டிக்கொண்டார். ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை பிடித்த தஞ்சையை ராஜா துளஜாவிடம் பிகாட் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு வயிற்றில் அடித்தாற்போல் ஆனது. 1776 ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர்கள் தங்கள் கவர்னரையே கைது செய்தார்கள். காவலிலேயே பிகாட் இறந்தார். அவர் பக்கம் நின்ற அலெக்ஸாண்டர் லண்டன் திரும்பி, கடல்வரைபட வேலையில் மூழ்கினார். பிரிட்டிஷ் கடற்படை 1795இல் தொடங்கிய கடல்வரைபட அலுவலகத்துக்கு அவரே முதல் தலைவர். 1808 மே மாதத்தில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஜூன் மாதமே காலமானார். டாஸ்மேனியாவில் போர்ட் டால்ரிம்பிள் என்பது இவர் பெயர்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹ்யூ டால்ரிம்பிள் என்ற தளபதி போர்ச்சுகலில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். தோற்ற பிரெஞ்சுப் படையைக் கொள்ளைப் பொருளோடு பிரிட்டிஷ் கப்பலிலேயே வீட்டுக்கு அனுப்பிவைக்கும் உடன்படிக்கை அது. லண்டன் கொந்தளித்தது. அதன் பிறகு அவருக்குப் படைப் பொறுப்பே கிடைக்கவில்லை.

நம் காலத்தில் இந்தப் பெயரை அதிகம் கேட்கவைத்தவர் வில்லியம் டால்ரிம்பிள். நார்த் பெரிக் கிளையில் 1965இல் பிறந்தவர், டெல்லிவாசி. கம்பெனி ஆட்சியின் கொள்ளையை 'தி அனார்கி'யில் விரிவாக எழுதினார். அவருடைய 'நைன் லைவ்ஸ்' நூலில் சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவரைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அமெரிக்காவில் பிரென்ட் டால்ரிம்பிள் என்ற புவியியலாளர், பூமியின் காந்தப்புலம் திசைமாறிய காலங்களைப் பாறைகளை வைத்துக் கணித்த குழுவில் ஒருவர். ஜேமி டால்ரிம்பிள் இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட் ஆடினார்.

தியோடர் டால்ரிம்பிள் என்ற பெயரில் வரும் காரசாரமான கட்டுரைகளைப் படித்துவிட்டு அவரையும் இந்த வம்சத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவர் சிறைச்சாலை மருத்துவராக வேலைபார்த்த ஆண்டனி டேனியல்ஸ். உலகம் கெட்டுப்போச்சு என்று கிளப் ஜன்னலோரம் உட்கார்ந்து புலம்பும் ஒரு கிழவருக்குப் பொருத்தமாக ஒலிக்கிறது என்பதற்காக அந்தப் புனைபெயரைத் தேர்ந்தெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.