ஊசி போன வழியில் ஒரு கட்டி

‘ஊசி விட்டுச் சதை எடுத்தால் கேன்சர் பரவிவிடும்’ என்று பயந்து, பயாப்சி வேண்டாம் என்று மறுக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. மார்பகக் கட்டிக்கு இந்தப் பயத்தால் நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. கல்லீரல் விஷயத்தில் மட்டும் அந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

விலா எலும்புகளின் இடையே நுழையும் ஊசி, கட்டியைத் தொட்டுத் திரும்பும்போது புற்றுச் செல்கள் சில அதோடு வந்துவிடலாம். அவற்றில் ஏதேனும் வயிற்றுச் சுவரிலோ விலா இடைத் தசையிலோ தங்கிப் பிழைத்துக்கொண்டால், பல மாதங்கள் கழித்து, சில சமயம் ஓராண்டு தாண்டியும், தோலுக்கடியில் சிறு உருண்டையாகக் கையில் தட்டுப்படும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு கணக்கின்படி, கல்லீரல் புற்றுக்காகப் பயாப்சி செய்துகொண்டவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. அறுவை சிகிச்சையால் அதைப் பெரும்பாலும் அகற்றிவிடலாம். ஆனால் கல்லீரலையே வெட்டி எடுத்தோ மாற்றியோ முழுக் குணம் தேடுபவருக்கு இந்தச் சிறு அபாயம்கூடப் பெரிதுதான்.

நல்ல வேளையாக, கல்லீரல் புற்றைப் பல நேரங்களில் ஊசியே இல்லாமல் கண்டுபிடிக்கலாம். ஆரோக்கியமான கல்லீரலுக்குப் பெரும்பகுதி ரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியே வருகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்கிறது. அதனால் சாயம் செலுத்தி சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்தால், கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள பகுதியைவிட மங்கிவிடும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாகும் நோய்) உள்ள ஒருவரின் கல்லீரலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இப்படி நடந்துகொண்டால், வல்லுநர்கள் அதையே போதிய சான்றாக ஏற்கிறார்கள்.

ஆனாலும் பயாப்சி தவிர்க்க முடியாத நேரங்கள் உண்டு. சிரோசிஸ் இல்லாதவருக்குக் கட்டி வந்தால், ஸ்கேன் தெளிவில்லாமல் இருந்தால், வேறு உறுப்பின் புற்று இங்கே வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், திசுவைப் பார்த்தே ஆக வேண்டும். அப்போதும் அபாயத்தைக் குறைக்க வழி இருக்கிறது: வெளியுறை ஊசி ஒன்றை நிறுத்தி, அதற்குள்ளேயே மாதிரி எடுக்கும் ஊசியைச் செலுத்துகிறார்கள், நல்ல கல்லீரல் திசு கொஞ்சம் நடுவில் இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எனவே பயாப்சி என்றதும் மறுத்துவிடாதீர்கள். கேட்காமல் தலையாட்டவும் வேண்டாம். ‘ஸ்கேனிலேயே முடிவு தெரியாதா? இதன் முடிவால் சிகிச்சை மாறுமா? அறுவைக்கோ கல்லீரல் மாற்றுக்கோ வாய்ப்பு இருக்கிறதா?’ என்று கல்லீரல் நிபுணரிடம் கேளுங்கள். ஊசி போட்ட இடத்தில் பின்னாளில் கட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.