மரம் தின்னும் மட்டி

சுவீடனில் இருக்கும் என் பழைய மாணவன் கடிதம் போட்டிருக்கிறான். விறைக்கும் பால்டிக் கடலில், நீர் புகாத உடுப்போடு சுழியோடி, எப்போதோ தாண்டுபோன மீன்பிடிப் படகொன்றைத் தொட்டுப் பார்த்தானாம். பலகை ஒன்றும் கழரவில்லையாம். "எங்கட கடலிலயும் இப்பிடிப் பழைய வள்ளங்கள் கிடக்குமோ, சேர்?"

கிடக்காது. கப்பற்புழு விடாது.

புழு என்பது பேருக்குத்தான். நாம் பொறுக்கிச் சமைக்கும் மட்டியின் இனம் அது. உடம்பை மூடவேண்டிய ஓடு, தலைநுனியில் இரண்டு சின்னச் சில்லாகச் சுருங்கியிருக்கும். அவற்றின் அரம்போன்ற விளிம்பால் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே போகும். குஞ்சாக நுழையும்போது குண்டூசித் துளை போதும். பிறகு வளர்வதெல்லாம் உள்ளேதான். வந்த வாசலால் திரும்பாது. போகும் வழியெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு பூசும். மரத்தைச் செரிக்க உதவுவது அதன் செவுளில் குடியிருக்கும் பற்றீரியா.

சிறுவயதில் அம்மப்பா தன் வள்ளத்துப் பழம்பலகையொன்றை வாய்ச்சியால் பிளந்து காட்டினார். வெளியே ஊசித்துளைகள். உள்ளே இடியப்ப உரலின் அச்சுமாதிரி ஓட்டை ஓட்டையாக, ஒவ்வொன்றிலும் வெள்ளைப்பூச்சு. விரலால் அழுத்தினேன், பாண்போல அமிழ்ந்தது. வள்ளத்தைக் கரையேற்றிக் காயவிட்டு மீனெண்ணெய் பூசுவதற்கு அவர் ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்று அன்றுதான் விளங்கியது.

பால்டிக்கின் பெரும்பகுதியில் உப்புக் குறைவு. அங்கே இது பிழைக்காது. 1628 இல் ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தில் தாண்ட வாசா கப்பலை 1961 இல் உருக்குலையாமல் தூக்கினார்கள். 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் மட்டும் ஓடிய அன்னபூரணி, வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். அந்த வல்வெட்டித்துறைக் கடலில் மரக்கலம் தாண்டால், சேற்றில் புதைந்த துண்டுதான் மிஞ்சும்.

இப்போது ஓடுவது பைபர் வள்ளம். புழு தொடாது. தாண்ட வள்ளத்தில் மீன் குடியேறட்டும், நல்லதுதான். மீன் பெருகவென்றே 2021 இல் நெடுந்தீவுக் கடலில் பழைய பஸ்களை இறக்கினார்கள். ஆனால் வள்ளத்தோடு சேர்ந்து தாழும் தங்கூசி வலை? அது லேசில் உக்காது. ஆளில்லாமலே மீன் பிடிக்கும், செத்த மீனைத் தின்ன வரும் நண்டையும் பிடிக்கும். தடைசெய்த வலையை விற்கிறோம், வாங்குகிறோம், கிழிந்தால் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கடலை நம்பிச் சீவித்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இது பொறுக்கவில்லை.

குருநகரில் சங்கு குளிக்கும் ஒருவரிடம் மாணவனின் கேள்வியைச் சொன்னேன். தாண்ட பைபர் வள்ளமொன்றின் அணியத்தில் வலை சுற்றிச் செத்துக்கிடந்த ஆமையை அவர் கண்டிருக்கிறார். தன் காலும் ஒருமுறை மாட்டியதாம்.

"இப்ப கத்தி இல்லாமல் இறங்கிறேல்லை, சேர்," என்றார்.