பழைய வேனுக்குப் பெரிய டயர் மாட்டலாமா?

விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கம் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பின்சக்கரங்கள் மிகப் பெரியவை. பள்ளத்திலும் சேற்றிலும் அது தடுமாறாமல் செல்ல அவையும் ஒரு காரணம். அப்படியானால் கரடுமுரடான சாலையில் ஓடும் பழைய வேனுக்கும் பெரிய டயர் மாட்டிவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் பலர் அத்தகைய வேன்களுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே தரைமார்க்கமாக இந்தியா வந்தார்கள். அந்த வேன்களைப் பேணிக்காத்து ஓட்டுபவர்கள் இன்றும் உண்டு.

1970-களின் வேனுக்குரிய டயரில் '185 ஆர் 14 சி' என்று பொறித்திருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சி என்பது சுமை ஏற்றும் வண்டிக்கானது என்பதன் குறி.

இவ்வகை டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு. அதாவது 148 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள், 296 மி.மீ. ரிம் 14 அங்குலம், அதாவது 356 மி.மீ. ஆக மொத்த விட்டம் 652 மி.மீ. இதே முறையில் 205 ஆர் 14 டயரின் விட்டம் 684 மி.மீ. வரும். வித்தியாசம் ஏறத்தாழ 5 விழுக்காடு.

இந்த 5 விழுக்காடு என்ன செய்யும்? வேன் 16 மி.மீ. உயரும். இது நன்மைதான். ஆனால் வேகமானி அளப்பது சாலையை அல்ல, சக்கரத்தின் சுழற்சியை. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்போது 60 கி.மீ. என்று காட்டினால், வேன் உண்மையில் 63 கி.மீ. வேகத்தில் ஓடும். என்ஜினின் திருப்பு விசை மாறவில்லை; ஆரம் கூடியதால் சக்கரம் தரையை உந்தும் விசை குறையும். மேடு ஏற வேன் திணறும். அதே காரணத்தால், பிரேக்கை முன்போலவே மிதித்தாலும் பிடிப்பு சற்றுக் குறையும். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

இவற்றைவிட முக்கியமானது சுமை எண். டயரின் பக்கச்சுவரில் 102 என்றிருந்தால், அந்த டயர் 850 கிலோ வரை தாங்கும். 91 என்றிருந்தால் 615 கிலோதான். படுக்கை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து வேனின் பின் அச்சில் 1,300 கிலோ அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 650 கிலோ. பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும், 91 எண்ணுள்ள கார் டயர் இதற்கு உதவாது. அளவுக்கு மீறிய சுமையில் பக்கச்சுவர் அதிகமாக வளைந்து வளைந்து சூடேறும். ஓடும்போதே டயர் வெடிக்கலாம்.

ஆகவே முதலில் சுமை எண், அடுத்து விட்டம், பிறகு இடைவெளி, தோற்றம் கடைசியில்தான்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். சைக்கிள் டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். சைக்கிளை நேராக உருட்டி, சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது கடக்கும் தூரத்தை அளந்து, 3.14-ஆல் வகுங்கள். கிடைப்பது விட்டம். டயரில் பொறித்துள்ள அளவோடு அது ஒத்துப்போகிறதா?