பெயர் எழுதாத மொய்

மன்னார்புரம் பக்கம் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போட, மற்றவர் நோட்டில் ஊர், இனிஷியல், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே வந்தார். நூறு ரூபாய்க்கும் ஒரு வரி உண்டு. மொய் என்பது திரும்பச் செய்தாக வேண்டிய கடன். யார் எழுதியது என்று தெரியாவிட்டால் எப்படித் திருப்பிச் செய்வது?

கம்பெனிகள் கட்சிகளுக்கு எழுதிய மொய்யில்தான் 2018 முதல் ஆறு வருஷம் ஊர் அறியப் பெயரில்லாமல் போனது. தேர்தல் பத்திரம்! ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை, ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் வாங்கலாம். 15 நாளுக்குள் கட்சி தன் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். தாளில் வாங்கியவர் பெயரும் இருக்காது, கட்சியின் பெயரும் இருக்காது. ஆனால் புற ஊதா விளக்கில் பிடித்தால் ஓர் எண் தெரியும். ஆக, நோட்டு இருந்தது, நமக்குத்தான் காட்டவில்லை.

அதற்கு முன், ஒரு கம்பெனி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்க முடியாது. எந்தக் கட்சிக்கு என்றும் கணக்கில் எழுத வேண்டும். 2017-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிகளில் மொய் எழுதலாம் என்றானது. அது யார் வீட்டுப் பணமோ!

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. பத்திரம் வாங்கியவர்கள், பெற்ற கட்சிகள் விவரத்தையும் கேட்டது. அதைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கி, நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. பட்டியலில் முதலிடம், 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கிய சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங். கோவை லாட்டரி அதிபர்; தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை விழுந்ததோ 2003-லேயே. திமுக பெற்ற 656.5 கோடியில் 509 கோடி இவர் நிறுவனத்துடையது. அதைத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. அதிமுகவும் சொன்னது: 6.05 கோடி, பெரும்பங்கு சென்னை சூப்பர் கிங்ஸ் கொடுத்தது. ஆறாயிரம் கோடிக்கு மேல் பெற்ற பாஜகவோ, கொடுத்தவர் பெயரைக் குறித்துவைக்கச் சட்டம் கேட்கவில்லை என்றது.

இப்போது நிறையப் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. யார் கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல், எந்தக் கட்சி வாங்கியது என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் இணைக்கும் கோடுதான் இல்லை. பத்துப் பேர் மொய்யை ஒரே பையில் கொட்டிக் குலுக்கிய மாதிரி.

கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் அரசியல் நன்கொடை என்ற வரியைத் தேடிப் பாருங்கள். கட்சியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அறக்கட்டளையின் பெயர் இருக்கலாம்.