கை, காது, கண் - குறைந்த விலை யுகுலேலே வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

ஊரை விட்டு எத்தனை தூரம் வந்தாலும், குழந்தைகளுக்குச் சங்கீதம் சொல்லி வைக்க வேண்டும் என்னும் ஆசை நம்மை விட்டு அகலுவதில்லை. ஆனால் ஊரிலிருந்து ஒரு வீணையைக் கொண்டு வருவது எளிதன்று. இரண்டு அறைக் குடியிருப்பில் அதனை வைக்க இடம் காண்பது அதனினும் அரிது. கிதார் வாங்கலாம் என்றாலோ, ஆறு தந்திகளும் அகன்ற தண்டியும் பத்து வயதுக் குழந்தையின் கைக்கு அடங்குவதில்லை. இந்நிலையில், நாலே தந்திகளும் சுமார் 30 அங்குல நீளமும் உடைய பாரிடோன் யுகுலேலே என்னும் கருவியை நாடும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு நானும் ஒன்று வாங்கினேன், வாங்கி ஏமாந்தேன். அதில் நான் இழந்தது பணம் மட்டும் அன்று என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் கருவியை அறிந்து கொள்வோம்.

கப்பலேறி வந்த வாத்தியம்

யுகுலேலே பிறந்தது ஹவாய்த் தீவில். ஆனால் அதன் மூதாதை அங்கே பிறந்ததன்று. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், போர்த்துகலைச் சேர்ந்த மதீராத் தீவிலிருந்து, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமான குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ‘ராவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அதில் 400-க்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் மரவேலை அறிந்த மூவர் இருந்தனர்: மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டயஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தங்கள் தீவில் ‘மஷேட்’ என்று வழங்கிய சிறு தந்தி வாத்தியத்தை ஒட்டி இவர்கள் ஹவாயில் செய்த கருவியே யுகுலேலே ஆயிற்று. அந்நாட்டு மன்னர் கலாகௌவா அதனை ஆதரித்து அரண்மனை விழாக்களில் இடம் பெறச் செய்தார். 1915-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சி அதனை அமெரிக்கா எங்கும் பரப்பிற்று.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் மூட்டையோடு பாட்டையும் கொண்டு போகிறார்கள் என்பதற்கு இஃது ஒரு சான்று. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குச் சென்ற நம்மவர்கள் தங்கள் தப்பையும் தாலாட்டையும் விட்டுச் செல்லவில்லை அல்லவா?

இவ்வினத்தில் ஸொப்ரானோ, கான்ஸர்ட், டெனர், பாரிடோன் என நான்கு அளவுகள் உண்டு. இவற்றுள் மிகப் பெரிதும் கடைசியாகத் தோன்றியதும் பாரிடோன். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் அது உருவாயிற்று. வானொலியிலும் டெலிவிஷனிலும் புகழ் பெற்றிருந்த ஆர்தர் காட்ஃப்ரி அதனை மக்களிடையே பிரபலப்படுத்தினார். மற்ற மூன்றிலிருந்து இதற்குச் சுருதி வேறு. கிதாரின் மெல்லிய தந்திகள் நான்கும் எவ்வாறு சுருதி கூட்டப்படுமோ, அவ்வாறே இதன் நான்கு தந்திகளும் கூட்டப்படும். நம் வழக்கில் சொன்னால், இரண்டாம் தந்தியை ஸட்ஜமாகக் கொண்டால், முதல் தந்தி மந்தர பஞ்சமம், மூன்றாம் தந்தி அந்தர காந்தாரம், நான்காம் தந்தி சதுச்ருதி தைவதம் ஆகும். ஆகவே இதில் பழகிய விரல் நாளைக்குக் கிதாருக்குப் போனாலும் தடுமாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. யுகுலேலே பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை சிறிய அளவுகளுக்கு எழுதப்பட்டவை. அவற்றில் ‘ஸி’ என்று காட்டும் விரல் அமைப்பைப் பாரிடோனில் வைத்தால் ‘ஜி’ ஒலிக்கும். பாரிடோனுக்கென்றே உள்ள பாடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் ஏமாந்த கதை

பார்சல் ஆபீஸில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் தராசில் ஏற்றாமல் சீட்டுக் கிழித்ததில்லை. அப்படிப்பட்ட நான், கல்கத்தாவில் ஒரு கடையில், கண்ணாடி போல் மெருகேற்றி, ஓரமெல்லாம் முத்துச்சிப்பி பதித்தது போன்ற ஒரு கருவியைக் கண்டதும் மயங்கிவிட்டேன். விலை 6,500 ரூபாய். என் வருமானத்தில் அது சிறு தொகை அன்று.

என் மகள் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் வாய்ப்பாட்டு கற்று வருபவள். கருவி வந்த மூன்றாம் நாளே, “அப்பா, ‘ஸ’ சரியா இருக்கு. ‘ரி’ மேலே போயிடுது” என்றாள். நான் தந்திகளைச் சுருதி பார்த்தேன். நான்கும் சரியாக இருந்தன. “கருவி சரியாகத்தான் இருக்கிறது, நீ கவனமாக வாசி” என்றேன். அவள் மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் முகம் சுளித்தாள். விரல் நுனி சிவந்து வலிக்கிறது என்றாள். சோம்பலுக்குச் சாக்குச் சொல்லுகிறாள் என்று கடிந்து கொண்டேன். ஒரு மாதத்தில் கருவி பீரோவின் மேல் ஏறிற்று. அதனோடு நின்றிருந்தால் பாதகமில்லை. வகுப்பில் பாடுவதையும் அவள் குறைத்துக் கொண்டாள். தனக்குச் சுருதி ஞானம் இல்லை என்று தானே முடிவு செய்துவிட்டாள்.

வகுப்பில் வீணை கற்பிக்கும் அம்மையார் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கருவியை எடுத்துப் பார்த்தார். நாலு ஸ்வரம் வாசித்தார். “குழந்தை காதிலே குறை ஒன்றும் இல்லை, ஸார். தந்தி மெட்டுக்கு மேலே ரொம்ப உயரத்தில் நிற்கிறது. அழுத்தினால் தந்தி இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறத்தானே செய்யும்? குழந்தை சரியாகக் கேட்டிருக்கிறது. பொய் சொன்னது வாத்தியம்” என்றார்.

மகளிடம் நான் வருத்தம் தெரிவித்துக் கொண்டேன். பிறகு அந்த அம்மையாரிடமும், கிதார் பழுது பார்க்கும் ஒரு தொழிலாளியிடமும் கேட்டுக் கேட்டு அறிந்தவற்றையே கீழே தருகிறேன். குறைந்த விலைக் கருவியைக் கண்ணால் முதலில் பார்க்கலாகாது. முதலில் கை, அடுத்தது காது, கண் கடைசியில்.

கை

குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள். கருவியை அதன் மடியில் வைத்து, இடது கை தண்டியைச் சுற்றி வருத்தமின்றி வளைகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, தந்தியின் உயரம். ஒவ்வொரு தந்தியையும் மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்துக் கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே நோக்குங்கள். மயிரிழை அளவே இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், தண்டியின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை என்று பொருள். என் மகளின் ரிஷபத்தைக் கெடுத்தது இதுவே. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருப்பது நலம்.

பின், கருவியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தலைப்பக்கத்திலிருந்து தண்டியின் நெடுக நோக்குங்கள். ரயில் பாதையில் மேஸ்திரி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பாரே, அவ்வாறு பார்க்க வேண்டும். தண்டி முறுக்கிக் கொண்டிருந்தால் அக்கருவியைத் தொடவே வேண்டாம். தண்டியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மெட்டுகளின் முனை அரம் போல் கையைப் பிராண்டலாகாது.

காது

நம் குழந்தைகளுக்குச் சரளி வரிசை மனப்பாடம். அதனையே உரைகல்லாகக் கொள்ளலாம். இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினால் ஸட்ஜம். அதன் முதல் மெட்டில் சுத்த ரிஷபம். மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் அந்தர காந்தாரம். அதன் முதல் மெட்டில் சுத்த மத்தியமம், மூன்றாம் மெட்டில் பஞ்சமம், நான்காம் மெட்டில் சுத்த தைவதம். நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டில் காகலி நிஷாதம், மூன்றாம் மெட்டில் மேல் ஸட்ஜம். மாயாமாளவகௌளை முழுவதும் முதல் நான்கு மெட்டுகளுக்குள் அடங்கிவிட்டது பாருங்கள்! பட்டையின் குறை முதன்மையாக வெளிப்படுவதும் இந்த இடத்தில்தான். நான்கு தந்திகளையும் சுருதி கூட்டிய பின், ரிஷபமும் மத்தியமமும் ஏறி ஒலித்தால், குழந்தையைக் கடிந்து கொள்ளாதீர்கள்; பட்டையைப் பாருங்கள்.

அடுத்தது பன்னிரண்டாம் மெட்டு. அதன் நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் மீட்டினால் மணி போன்ற ஒரு நாதம் எழும். பின் அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். வெகுவாக வேறுபட்டால், குதிரை தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கலாம். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி வைக்கலாம். இதிலோ மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. பிசகினால் பிசகியதுதான்.

நாதத்தின் தரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த விலையில் முகப்புப் பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகையாகவே இருக்கும். ஒலித்துளையின் ஓரத்தை உற்று நோக்கினால், அடுக்கு அடுக்காகத் தெரிவது ஒட்டுப்பலகை. மேற்பரப்பின் ரேகை வெட்டு முகத்திலும் தொடர்ந்தால் ஒரே பலகை. ஒரே பலகையின் நாதம் செழிப்பானது என்பது உண்மையே. ஆயினும் மழைக்காலத்து ஈரத்தையும் கோடைக் காய்ச்சலையும் ஒட்டுப்பலகை நன்கு தாங்கும். ஆகவே வங்காளத்துக் குடியிருப்பில் வாழும் நமக்கு அதனால் குறைவில்லை. தடித்த தந்தி முழங்கி, மெல்லிய தந்தி முனகாமல், நான்கும் ஒத்த பலத்தோடு ஒலிக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். புதிய நைலான் தந்திகள் முதல் சில நாட்கள் இழுபட்டுச் சுருதி இறங்கிக் கொண்டேயிருக்கும், அது குறையன்று. கமகத்தை வீணையில் போல இதில் எதிர்பார்க்கலாகாது. ஜாரு ஓரளவு வரும்; தந்தியை இழுத்துப் பிடிக்கும் கமகம் நைலானில் அவ்வளவாக எழாது.

கண்

கடைசியில்தான் அழகு. முத்துச்சிப்பி என்று நான் மயங்கியது அச்சடித்து ஒட்டிய காகிதம் என்பதைப் பின்னரே அறிந்தேன். கண்ணுக்கு உரிய வேலை வேறு. குதிரையின் அடியில் ஒரு தாள் நுழைகிறதா? நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. முகப்புப் பலகை குதிரைக்குப் பின்னால் வயிறு போல் உப்பியிருக்கிறதா? எங்கேனும் விரிசல் உண்டா? இவற்றைப் பாருங்கள்.

எனினும் அழகு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தேறிய கருவிகள் இரண்டு மூன்று இருந்தால், நிறத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். பார்க்கப் பிடித்த கருவியைத்தான் குழந்தை தானாகக் கையில் எடுக்கும்.

தீரும் குறையும் தீராக் குறையும்

நிற்க. குறையே இல்லாத கருவி குறைந்த விலைக்குக் கிடைப்பது அரிது. ஆதலால் எக்குறை தீரும், எது தீராது என்று அறிவதே வாங்குபவரின் சாமர்த்தியம். பட்டையின் உயரம், குதிரையின் மேலுள்ள துண்டின் உயரம், மட்டமான தந்தி, மெட்டின் கூர்முனை, தளர்ந்த முறுக்காணி ஆகியவற்றைத் தொழிலாளி ஒருவர் சிறு கூலிக்குச் சரி செய்துவிடுவார். முறுக்கிய தண்டி, இடம் தவறிய குதிரை, உப்பிய பலகை, பிசகிய மெட்டு ஆகியவற்றைத் திருத்தப் புகுந்தால் கருவியின் விலையே செலவாகும்.

என் முதற் கருவியின் பட்டையை 300 ரூபாய் கொடுத்துச் சரி செய்தேன். சரளி வரிசை நேராயிற்று; விரல் வலியும் நீங்கிற்று. ஆனால் குதிரை இடம் தவறியிருந்தமையால் மேல் ஸ்தாயி நேராகவில்லை. ஆறு மாதம் கழித்து, மகளையும் அழைத்துக் கொண்டு போய், அலங்காரம் ஏதுமில்லாத பழுப்பு நிறக் கருவி ஒன்றை 5,800 ரூபாய்க்கு வாங்கினோம். கடையில் நான் வாய் திறக்கவில்லை. அவள் ஒரு முக்காலியில் அமர்ந்து, ஸட்ஜம் மீட்டி, ரிஷபம் மீட்டி, சற்று நிதானித்து, “இது சரியா இருக்கு, அப்பா” என்றாள். அதன் பிறகே நான் பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

ஞாயிறு வகுப்பில் இப்பொழுது அவள் பழையபடி குரலெடுத்துப் பாடுகிறாள். அன்பர்களே, குழந்தை ஒரு ஸ்வரம் சரியில்லை என்று சொன்னால், உடனே அதட்டாதீர்கள். கருவியைக் கையில் வாங்கி ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் அதன் காது நம் காதினும் நல்ல காது.