எச்சமும் உபவாக்கியமும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டு மேல்நாட்டுப் பண்டிதர்களின் கவனத்தைத் தென்னாட்டின்பால் திருப்பிய கால்டுவெல் பாதிரியார், இடையன்குடியில் அரை நூற்றாண்டுக் காலம் ஊழியம் புரிந்து ஓய்வுபெற்று, 1891 ஆகஸ்டு மாதம் கோடைக்கானலில் காலமானார். 1845 முதல் அமெரிக்க மிஷனரிமார் குடியேறிய அந்த மலையிலே இன்று பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள், அப்பெரியார் தம் நூலில் எடுத்துக்காட்டிய பேதம் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வார்களாயின், ஆங்கில வாக்கியப் பாகுபாடு அவர்களுக்கு அவ்வளவு அச்சத்தைத் தராது. 'ஹூ', 'விச்' முதலிய பிரதிப்பெயர்களைக் கொண்டு ஆங்கிலம் இணைத்துச் சொல்வதைத் தமிழ் பெயரெச்சத்தாலேயே சொல்லி முடித்துவிடுகிறது என்பதே அந்தப் பேதம்.

எழுவாய் ஒன்றும் அதற்குரிய வினைமுற்று ஒன்றும் கூடி நிற்பதை ஆங்கில இலக்கணத்தார் 'க்ளாஸ்' என்பர். 'தி மிஸ்ட் கேம் டவுன்', அதாவது மூடுபனி இறங்கியது என்று ஒன்றே தனித்து நிற்குமானால் அது தனி வாக்கியம். அதனோடு 'அண்ட் வி வென்ட் ஹோம்' என்று சம அந்தஸ்துள்ள மற்றொன்றைச் சேர்த்தால் தொடர் வாக்கியம். முதற்கூற்றின் தலையில் 'வென்' என்னும் சொல்லை வைத்துவிட்டாலோ, அது தன் சுதந்திரத்தை இழந்து, 'வி வென்ட் ஹோம்' என்னும் பிரதான வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் உபவாக்கியமாகிவிட, முழுமையும் கலவை வாக்கியம் எனப் பெயர் பெறும். தொடரும் கலவையும் ஒன்றிலேயே விரவி வருவதும் உண்டு. செய்தி, வினா, ஏவல், வியப்பு என்னும் பாகுபாடு சொல்வோனின் நோக்கத்தைப் பற்றியதாகலின் அதனை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

'வத்தலக்குண்டிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டு இறங்கி, ஏரிவரை நடந்து, படகேறிச் சுற்றி, மாலையில் திரும்பினோம்' என்று நாம் சொல்லும்போது, வினைகள் பலவாயினும் வினைமுற்று 'திரும்பினோம்' என்பது ஒன்றே, ஏனையவெல்லாம் எச்சங்கள். 'பேரிக்காய் விற்கிறவர் என் அண்டைவீட்டார்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தாலோ, 'தி மேன் ஹூ ஸெல்ஸ் பேர்ஸ் இஸ் மை நெய்பர்' என்று, 'ஸெல்ஸ்', 'இஸ்' ஆகிய இரண்டு முற்றுக்கள் வேண்டியிருக்கின்றன. 'பஸ் வராது என்று தெரியும்' என்பது போன்ற இடங்களில் மாத்திரம் தமிழிலும் முற்று ஒன்றினுள் மற்றொன்று அடங்கி நிற்கும்; அங்கே 'என்று' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'தட்' செய்கிறது.

மாணவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்தப் பேதத்தை உணராமையால் வருபவையே. 'பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பவர், உபவாக்கியத்தைப் பிரதான வாக்கியமின்றி அநாதையாக விட்டுவிடுகிறார். 'தி மிஸ்ட் கேம் டவுன், வி வென்ட் ஹோம்' என்று எழுதுபவரோ, இரண்டு முற்றுக்களைக் கட்டும் பொறுப்பை அதற்குச் சக்தியில்லாத காற்புள்ளியிடம் ஒப்படைக்கிறார்.

ஆதலால் எழுதியதைப் படித்துப் பார்க்கையில் வினைமுற்றுக்களை எண்ணுவதே உத்தமமான வழி. இரண்டாவது முற்று வந்தவிடத்து அதை இணைக்கும் சொல் எது என்று தேடவேண்டும். அச்சொல்லைத் தமிழே காட்டிக்கொடுக்கும். 'இறங்கி' போன்ற எச்சம் பெரும்பாலும் 'அண்ட்' கேட்கும். 'இறங்கியதும்' என்பது 'வென்', 'இறங்கினால்' என்பது 'இஃப்', 'இறங்கியதனால்' என்பது 'பிகாஸ்' கேட்கும். தாய்மொழியின் எச்சவகைகளைப் பழுதறக் கற்ற பிள்ளைக்கு, ஆங்கில உபவாக்கியங்களில் பாதிப்பாடம் முன்னமே முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.